பை இறக்கியாச்சா?

அண்டார்டிகா எங்கே இருக்கிறது என்று இசக்கியைக் கேட்டால், சோழிங்கநல்லூரில், ஒன்பதாவது மாடியில், கேன்டீனுக்கு எதிர் அறை என்று சொல்லுவாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மைதான். காலையில் கேப் வரும். பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஊர்ந்து போய், அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே நுழைந்தால், வளைந்த திரையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை. ஏசி குளிருக்கு ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்த வெள்ளையின் மேல் அவள் ஹெலிகாப்டர் ஓட்டினாள்.

ஹெலிகாப்டர் அங்கே, விமானி இங்கே. முன்பெல்லாம் விமானியும் அங்கேதான் இருந்தார். ஒரு விபத்தில் இரண்டு பேர் இயந்திரத்தோடு கடலுக்குள் போனதும் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பனியைத் துளைத்துப் பார்க்கும் விஞ்ஞானிகள் நேரில் போய்த்தான் ஆகவேண்டும், அவர்கள் தலையெழுத்து. விமானி ஏன் போகவேண்டும்? அரை விநாடி தாமதத்தில் செயற்கைக்கோள் வழியாகப் படம் வருகிறது, கைப்பிடியை ஆட்டினால் அங்கே ஆடுகிறது. நிறுவனம் அறையைக் குளிரூட்டி, நாற்காலி போட்டு, ஆள் எடுத்தது. இசக்கி கடலோரக் காவல் படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவள், திசையன்விளைக்காரி. முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

கடல்பனி என்பது தரை இல்லை. உறைந்த கடல். ஓர் ஆள் கை நீளத்துக்குக் கட்டி, அதன் கீழே முழுச் சமுத்திரம். அதில் இறங்க ஒரு முறை உண்டு. இயந்திரத்தின் கால்கள் பனியைத் தொடும், ஆனால் விசிறி சுற்றிக்கொண்டே பாரத்தைத் தாங்கும். நெரிசலான பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதிக்காமல் கம்பியில் தொங்குவதுபோல. விஞ்ஞானி குதித்து, துளையிட்டு, கனத்தை அளந்து சொன்ன பிறகுதான் முழு எடையும் இறங்கும். அறையில் அதற்கு 'கால் ஊன்றாமல் நிற்பது' என்று பெயர். இசக்கி அதில் கெட்டிக்காரி. அவள் நின்றால் பனிக்கே தெரியாது என்று சக விமானிகள் கேலி செய்வார்கள்.

இதெல்லாம் தொழில். தூக்கத்தைக் கெடுத்தது வேறு ஒன்று.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் கோதண்டராமன் அதைச் சொல்லிவிட்டார். "இசக்கி, ஒரு விஷயம். நீங்க ஓட்டறதுல சிலது நிஜம், சிலது பயிற்சி. கம்ப்யூட்டர் வரையற பனி, கம்ப்யூட்டர் வரையற மனுஷங்க. எது எதுன்னு உங்களுக்குச் சொல்லமாட்டோம்."

"ஏன் சார்?"

"நிஜம்னு தெரிஞ்சா கை நடுங்குது. பயிற்சின்னு தெரிஞ்சா அலட்சியம் வருது. ரெண்டும் கலந்து, எதுன்னு தெரியாம ஓட்டறவங்கதான் நல்லா ஓட்டறாங்க. ஆறு மாசம் பரிசோதிச்சுப் பாத்திருக்கோம்."

"உங்களுக்குத் தெரியுமா சார், எது நிஜம்னு?"

"வேலைய பாருங்க," என்று சிரித்தார்.

முதலில் அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த வேடிக்கை தோர்ஜே வரைக்கும் நீடித்தது.

பனியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆரஞ்சுப் பை உண்டு. கூடாரம், அடுப்பு, உறக்கப்பை, சாப்பாடு எல்லாம் அதற்குள். ஹெலிகாப்டரின் பக்கவாட்டுக் கூடையில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். ஆள் இறங்கினால் பையும் கூடவே இறங்க வேண்டும். விமானி நேரில் இருந்த காலத்தில், பை இறங்காமல் ஓர் அடி நகர விடமாட்டார், திட்டித் தீர்த்துவிடுவார். பயிற்சியை உருவாக்கியவர்களுக்கோ நேரம் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் பயிற்சியில் கதவு திறக்கும்போதே பை பனியில் கிடக்கும். வாரத்துக்கு நாலு முறை அப்படிப் பார்த்துப் பழகியவர்கள், பையைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இசக்கியும் விட்டுவிட்டாள்.

தோர்ஜே லடாக்காரன். பனிச்சரிவுகளில் வழிகாட்டியாக இருந்து ஆய்வு நிலையத்துக்கு வந்தவன். ஒரு நாள் இசக்கியின் பறப்பில் இறங்கி, துளையிட்டுக்கொண்டே வெகுதூரம் போய்விட்டான். பனி வெடித்தது. இயந்திரம் நின்ற பனித்தட்டு உடைந்து கடல் பக்கம் நகர ஆரம்பித்தது. விதி மிகத் தெளிவானது: தட்டு உடைந்தால் உடனே எழும்பு, இயந்திரத்தைக் காப்பாற்று, ஆளை எடுக்க அடுத்த பறப்பு வரும்.

"ஒரு நிமிஷம் அக்கா," என்றது வானொலி. கொச்சைத் தமிழ். யாரிடமோ புதிதாகக் கற்றுக்கொண்ட தமிழ். "ஒரு நிமிஷம். ஓடி வர்றேன்."

இசக்கி எழும்பினாள். எழும்பும்போது பக்கவாட்டுக் கேமராவில் கூடை தெரிந்தது. கூடையில் ஆரஞ்சுப் பை. அவளுடைய இடது கட்டைவிரலுக்குக் கீழே கொக்கியைத் திறக்கும் சிவப்புப் பொத்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் பை அவன் பக்கம் விழுந்திருக்கும். அது நினைவுக்கு வருவதற்குள் திரை அணைந்து, 'பறப்பு முடிந்தது. நன்றி' என்று எழுத்து வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான். மேலே எழும்பிய பிறகு இயந்திரம் தானாக நிலையத்துக்குத் திரும்பிக்கொள்ளும், விமானிக்கு வேலை இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாதம் வடிக்கும்போது கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். டீவி பார்த்தபடி இடது கட்டைவிரலால் சோபாவை அழுத்திக்கொண்டே இருந்தாள். கணவன் செல்வின் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பயிற்சியாத்தான் இருக்கும், விடு," என்றான்.

"பயிற்சின்னா பை கீழல்லா கெடக்கணும்? கூடையில இருந்துச்சே."

"உன்னச் சோதிக்க மாத்தி வச்சிருப்பானுவ."

அதுவும் இருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டருக்குக் கொச்சைத் தமிழ் எதற்கு? இதையும் செல்வினிடம் கேட்டாள். நிஜம்போல் இருக்கவேண்டுமே என்று அதற்காகவே வைத்திருப்பார்கள் என்றான் அவன். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. கோதண்டராமனிடம் நேராகவே கேட்டாள். தெரியாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது என்றார். அந்த நல்லது எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது, பாவம்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. திரையில் வெள்ளை. கால் ஊன்றாமல் நின்றாள். கதவு திறந்து ஒரு பெண் குதித்தாள்.

"பை இறக்கியாச்சா?" என்றாள் இசக்கி.

"வணக்கம். நான் டாக்டர் நசீமா. பனியியல்..."

"பை இறக்கியாச்சா டாக்டர்?"

"எறக்குதேன். பொறுங்க."

அந்த 'எறக்குதேன்' இசக்கியின் காதில் சொந்தக்காரர் போல வந்து உட்கார்ந்தது. ஆனாலும் மூன்றாவது முறையும் கேட்டாள். பை பனியில் வைக்கப்பட்டதைக் கேமராவில் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"எந்த ஊரு நீங்க?" கேட்கக் கூடாது. கேட்டாள்.

"மேலப்பாளையம். நீங்க?"

"திசையன்விள."

"அப்ப பக்கந்தான்," என்று சிரித்துவிட்டு நசீமா துளையிட்டுக் கனத்தைச் சொன்னாள். இசக்கி எடையை இறக்கினாள். நசீமா துளைக்கருவியைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"தனியாவா போறீங்க?"

"கூட ஒருத்தன் இருந்தான். இப்ப இல்ல. புது ஆள் அடுத்த கப்பல்லதான் வரும்."

யார் என்று கேட்காமல் இசக்கி எரிபொருள் முள்ளைப் பார்த்தாள்.

நசீமா ஐந்தாவது துளை போட்டுக்கொண்டிருந்தபோது கடல் பக்கமிருந்து மூடுபனி வந்தது. முதலில் அடிவானம் போயிற்று. பிறகு நசீமாவின் சிவப்பு அங்கி போயிற்று. அதன் பிறகு திரையில் ஒன்றுமே இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பனி வெடிக்கும் சத்தம். கருவித்தட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது: இயந்திரம் நிற்கும் தட்டு உடைந்துவிட்டது.

பின்னால் கோதண்டராமன் வந்து நின்றார். விளக்கு எரிந்தால் அவர் மேசையிலும் மணி அடிக்கும். "எழும்புங்க."

இசக்கி விசிறியின் வேகத்தைக் கூட்டி, எடையைப் பனியிலிருந்து எடுத்தாள். கால் ஊன்றாமல் நின்றாள். எழும்பவில்லை.

"டாக்டர், விரிசல் விழுந்திருக்கு. நீங்க கரைப் பக்கம் இருக்கீங்க, நான் கடல் பக்கம். சத்தம் கேட்டு வாங்க. விரிசல தாண்டி இந்தப் பக்கம் வந்துரணும்."

"சத்தம் எல்லாப் பக்கமும் கேக்குது."

"கூட்டிக் குறைச்சுக் காட்டுதேன். கூடுற பக்கமா வாங்க."

"இசக்கி," என்றார் கோதண்டராமன், "விதி தெரியுமில்ல? எழும்பிட்டு அந்தப் பக்கம் இறக்கலாமே."

"இந்த மூட்டத்துல எங்க சார் இறக்க? அரை செகண்டு தாமதம். அவங்க தலைமேலயே இறக்கிருவேன்."

"அப்ப விட்டுட்டு வாங்க. அடுத்த பறப்பு போகும்."

"பை என் காலடியில கெடக்கு சார். அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

மேசையில் அவள் செல்போன் அதிர்ந்தது. கேப் டிரைவர். மேடம், கேட்ல நிக்கிறேன் என்று ஒரு செய்தியும் வந்தது. வேலை நேரம் முடிந்துவிட்டது. அடுத்த விமானி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைமாற்றிக்கொள்ளத் தயாராகக் காதில் ஹெட்போனை மாட்டியிருந்தார். பாதிப் பறப்பில் யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக, முதல் விமானியே சாவியைத் திருப்பினால்தான் கட்டுப்பாடு மாறும். இசக்கி சாவியை உருவிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர், நடக்கீங்களா?"

"விரிசலுக்கு வந்துட்டேன்," என்றாள் நசீமா. மூச்சு வாங்கியது. "ஒரு முழம் இருக்கும். தாண்டிரலாம். அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். நீ ஆளா, மெஷினா?"

"என்னது?"

"எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க. சில நாள் ஆள் ஓட்டும், சில நாள் மெஷினே ஓட்டும், மெஷினுக்கும் ஆள் குரல்தான். எந்த ஊர்ப் பேச்சு வேணும்னாலும் பேசும். இந்தப் பக்கம் நின்னா கரையோட ஒட்டி இருப்பேன். குளிரும், ஆனா கொஞ்ச நேரம் தாங்குவேன். உன் பக்கம் தாண்டுன பெறகு நீ பறந்துட்டேன்னா, அந்தத் தட்டோட கடலுக்குத்தான் போவேன். மெஷின நம்பித் தாண்டமாட்டேன்."

"நான் ஆளுதான் அக்கா. சத்தியமா."

"மெஷினும் அதத்தான் சொல்லும். என்கூட இருந்தவன் பேரு தோர்ஜே. அவன விட்டுட்டுப் போனது மெஷின். விசாரணையில சொன்னாங்க. ஆளா இருந்திருந்தா, போற போக்குல அந்தப் பையையாவது தள்ளி விட்டிருக்கும்."

இசக்கியின் கை கைப்பிடியில் இருந்தது. அது அசையவில்லை. இது பயிற்சியாக இருக்கட்டும் என்று முதல்முறையாக ஆசைப்பட்டாள். பயிற்சி என்றால் தோர்ஜேவும் வரைந்த ஆள், நசீமாவும் வரைந்த ஆள், போவது இவளுடைய வேலை மட்டும். நிஜம் என்றால் அவன் செத்துவிட்டான், கொன்றவள் இவள். நசீமா பொய்யாக இருக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நசீமா நிஜம் என்று வைத்துத்தான் கை நின்றது.

"இசக்கி, தட்டு சாயுது," என்றார் கோதண்டராமன். குரல் மாறியிருந்தது. "இயந்திரம் போயிடும். போச்சுன்னா உங்க வேலையும் போயிடும்."

"போட்டும் சார்." வானொலிக்குத் திரும்பினாள். "அக்கா, நான் எப்படி நிரூபிக்க? என் பேரு இசக்கி. பள்ளிக்கரணையில இருக்கேன், ஏரிக்கு எதிர்த்த ஃபிளாட், பன்னெண்டாம் நம்பர் வீடு. ஊருக்கு வந்ததும் வாங்க. சொதி வைக்கேன். வேற என்ன சொல்லணும், எனக்குத் தெரியல. தாண்டுங்க அக்கா. நான் போகமாட்டேன். இந்தத் தட்டு முங்கினாலும் போகமாட்டேன்."

வானொலியில் காற்று மட்டும் கேட்டது.

"தாண்டிட்டேன்," என்றாள் நசீமா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கலங்கலாகத்தான் இசக்கிக்கு நினைவிருக்கிறது. தட்டு ஒரு பக்கம் தணிந்தது. அவள் மறுபக்கம் பாரத்தை எடுத்து ஈடுகட்டினாள். எரிபொருள் முள் இறங்கியது. வெள்ளைக்குள் ஒரு சிவப்புக் கறை தெரிந்து, பெரிதாகி, கேமராவுக்கு வெளியே போயிற்று. கதவருகே ஒரு கையுறை தெரிந்தது. "ஏறிட்டேன்" என்றதா, "ஏறட்டா" என்றதா, விசிறிச் சத்தத்தில் விளங்கவில்லை. தட்டு கவிழ்ந்தது. அவள் எழும்பினாள். திரை அணைந்தது.

'பறப்பு முடிந்தது. நன்றி.'

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விதிமீறல், சாவியை ஒளித்தது, வெளியாரிடம் முகவரி சொன்னது என்று மூன்று காரணங்கள். கோதண்டராமன் லிஃப்ட்வரை கூடவே வந்தார். நல்ல மனிதர்தான். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "சொல்லக்கூடாது. இருந்தாலும் சொல்றேன். இதுவும் பயிற்சிதான், அந்தப் பையன் விஷயமும் பயிற்சிதான். மனச போட்டுக் குழப்பிக்காதீங்க. போய் நிம்மதியா தூங்குங்க."

இசக்கி அப்படியே நம்பினாள். நம்பிக்கை என்று ஒன்று யாராவது தரமாட்டார்களா என்று ஏங்கியவள் அதை ஆராய்ந்து பார்ப்பாளா? வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினாள். வேலை போனதற்கு மனைவி இவ்வளவு சந்தோஷப்படுவதை செல்வின் அதுவரை பார்த்ததில்லை.

ஆனாலும் அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். கூரியர், கேஸ், பக்கத்து வீட்டுப் பெண். யாரும் வரவில்லை, வரமாட்டார்கள், வரைந்த ஆளுக்குப் பள்ளிக்கரணைக்கு வழி தெரியாது என்று சொல்லிக்கொள்வாள். தென்துருவக் கோடை முடிந்து கப்பல்கள் ஊர் திரும்பும் காலம் வந்தபோது அந்தத் துடிப்பு கூடியது. யாருமே வரக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். ஒருத்தி செத்துப்போயிருக்கட்டும் என்றா வேண்டுகிறோம் என்று உடனே பயந்து, இல்லை, அவள் பிறக்காமலே இருந்திருக்கட்டும் என்று திருத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி அடித்தது. வெளியே முக்காடு போட்ட ஒரு பெண். கன்னத்தில் குளிர் பொசுக்கிய தழும்பு. இடது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை.

"பன்னெண்டாம் நம்பர் வீடு இதானே?" என்றாள். அந்தக் குரல். "சொதி வைக்கேன்னு சொன்னியே பிள்ள."

இசக்கி அவளைக் கட்டிக்கொண்டாள். நிஜமான ஒரு உடம்பு, சூடான உடம்பு, உயிரோடு கையில் இருந்தது. அவ்வளவு மகிழ்ச்சி அவளுக்கு இதற்கு முன் வந்ததில்லை. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னாலேயே மற்றதும் வந்தது. கைகளை எடுத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"அக்கா, உள்ள வர்றதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிடுங்க. தோர்ஜேய விட்டுட்டுப் போனது மெஷின் இல்ல. நான்தான்."

நசீமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"நாலு வருசமா பனிக்குப் போறேன். விமானி கூட வராம ஓட்ட ஆரம்பிச்ச பெறகு, பை இறக்கியாச்சான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அன்னைக்கு நான் வணக்கம் சொல்லி முடிக்குமுன்ன நீ கேட்ட. மூணு தரம் கேட்ட. அந்தக் கூடையில பை கெடந்ததக் கண்ணால பாத்தவதான் அப்படிக் கேப்பா. விரிசல் பக்கத்துல நிக்கும்போது அதுதான் எனக்குத் தோணுச்சு. சொதியும் ஏரியும் எந்த மெஷினும் சொல்லும் பிள்ள. அந்தக் கேள்விய வச்சுத்தான் நீ ஆளுன்னு நம்பித் தாண்டுனேன்."

இசக்கி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். நசீமா தடுக்கவில்லை.

"என்ன மன்னிச்சிட்டீங்களா அக்கா?"

"அது என் கையில இல்ல. லடாக்குல, லேயில அவன் அம்மா இருக்காங்க. மெஷின்தான் விட்டுட்டுப் போச்சுன்னு அவங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. மகன் போய்ட்டான், திட்டுததுக்குக்கூட ஒரு ஆள் இல்ல அவங்களுக்கு." நசீமா கைப்பையைத் திறந்தாள். "வெள்ளிக்கிழமை அங்க போறேன். ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்."

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, தேங்காய்ப்பால் எடுத்து, சொதி வைத்து, சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியைத் திறந்து, ஒன்பதாவது மாடியில் போர்த்திக்கொள்ளும் சால்வையை எடுத்துவந்து, போகிற இடத்துக்கு இது போதுமா என்று காட்டினாள்.

அந்தக் குளிருக்கு இதெல்லாம் போதாது என்றாள் நசீமா.